உங்களுக்குத் தெரியுமா? ஹவாய் மன்னர்களும் வெளிநாட்டுத் தூதர்களும்!

1883, ஜனவரி 1. வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் புத்தாண்டு வரவேற்பு. உலக நாடுகளின் தூதர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர், எல்லாருக்கும் தலைவர் யார்? பிரிட்டன் தூதரா? பிரான்ஸ் தூதரா? இரண்டும் இல்லை! பசிபிக் கடலின் நடுவில் இருந்த ஹவாய் ராஜ்ஜியத்தின் தூதர், எலிஷா ஆலன்!

அன்றைய வரவேற்பிலேயே அவர் உயிர் போய்விட்டது. வெள்ளை மாளிகைக்குள்ளேயே! வயது 78!

இன்னும் கேளுங்கள். இந்த ஆலன் ஹவாய்க்காரரே இல்லை. அமெரிக்காதான் 1850-இல் அவரைத் தன் கான்சலாக ஹொனலுலுவுக்கு அனுப்பியது. போனவர் அங்கே மன்னரின் நிதியமைச்சர் ஆனார். பிறகு தலைமை நீதிபதி ஆனார். கடைசியில் ஹவாயின் தூதராக அமெரிக்காவுக்கே திரும்பி வந்தார்!

இவர் ஒருவர்தான் இப்படி என்று நினைத்தேன். தேடத் தேட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்!

டேவிட் கிரெக். அமெரிக்க ஆணையர். ஹவாயை அமெரிக்காவோடு சேர்த்துவிட 1854-இல் ஒப்பந்தமே எழுதி வைத்திருந்தார். மன்னர் குடும்பத்துக்கும் தலைவர்களுக்கும் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் என்று பேச்சு! கையெழுத்துப் போடுவதற்குள் மன்னர் மூன்றாம் கமேஹமேஹா காலமாகிவிட்டார். ஒப்பந்தம் குப்பைக்குப் போனது. நாட்டையே விழுங்கப் பார்த்த அந்த கிரெக்கை அடுத்த மன்னர் என்ன செய்தார் தெரியுமா? தன் நிதியமைச்சராக வைத்துக்கொண்டார்!

சார்ல்ஸ் த வரினியி. பிரெஞ்சுத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளர். பிறகு? ஹவாயின் வெளியுறவு அமைச்சர்!

ஹென்றி பியர்ஸ். அமெரிக்கத் தூதர். பதவி முடிந்த மறு ஆண்டே ஹவாயின் வெளியுறவு அமைச்சர்!

எல்லாரையும் மிஞ்சியவர் ராபர்ட் வைலி. ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கான்சல் ஜெனரலோடு 1844-இல் கூட வந்தவர், மறு ஆண்டே மன்னரின் வெளியுறவு அமைச்சர். ஒரு மாதம் இரு மாதம் இல்லை, 20 ஆண்டுகள்! இறந்த பிறகு அவரை எங்கே அடக்கம் செய்தார்கள் தெரியுமா? மன்னர் குலத்தின் கல்லறை வளாகத்திலேயே!

1890 கணக்கெடுப்பில் ஹவாயின் மக்கள்தொகை 89,990. உலகமெங்கும் அதற்கு இருந்த தூதரகங்களும் கான்சல் அலுவலகங்களும் ஏறத்தாழ 90. ஆயிரம் பேருக்கு ஒன்று! இன்றைக்கு எந்தப் பெரிய நாட்டுக்காவது இந்தக் கணக்கு வருமா, போட்டுப் பாருங்கள்!

முதலில் தூது போனவர் யார் என்று தேடினால், மன்னரே கிளம்பியிருக்கிறார்! இரண்டாம் கமேஹமேஹாவும் ராணி கமாமலுவும் பிரிட்டிஷ் அரசரைப் பார்க்க 1823-இல் கப்பல் ஏறினார்கள். லண்டனில் அட்டகாசமான வரவேற்பு. நாடகம், விருந்து, ஊரெல்லாம் இவர்கள் பேச்சு. அரசரைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருந்தபோது தட்டம்மை வந்தது. மறு ஆண்டு ஜூலை 8-இல் ராணி போனார். ஜூலை 14-இல் மன்னர் போனார். நடுவில் 6 நாள்தான்!

இருவரின் உடலையும் ஹவாய்க்குக் கொண்டுவந்து சேர்த்த போர்க்கப்பலின் தலைவர் பெயர் பைரன் பிரபு. ஆமாம், கவிஞர் பைரனின் உறவினர்! அவருக்குப் பிறகு அந்தப் பட்டத்துக்கு வந்தவர்!

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவர்தான் பிரிட்டனின் முதல் கான்சல் ரிச்சர்ட் சார்ல்டன். ஹொனலுலுவில் ஒரு துண்டு நிலம் தனக்கு 299 ஆண்டுக் குத்தகை என்று உரிமை கொண்டாடினார். எத்தனை? 299! மூன்று நூற்றாண்டுக்கு ஓர் ஆண்டு குறைவு! அந்தத் தகராறு ஒரு நாட்டையே கவிழ்த்தது!

இதுதான் என் தேடலில் கிடைத்த வைரம். நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள்!

1843 பிப்ரவரி. சார்ல்டனின் புகாரைக் கேட்டு ஜார்ஜ் பாலெட் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர் வருகிறார். பீரங்கியைக் காட்டி மிரட்டுகிறார். பிப்ரவரி 25-இல் மூன்றாம் கமேஹமேஹா, மேலிடத்தில் முறையிடும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு, நாட்டைக் கொடுத்துவிடுகிறார். பாலெட் கண்ணில் பட்ட ஹவாய்க் கொடிகளை எல்லாம் அழிக்கிறார்!

மன்னரின் அமைச்சர் ஜெரிட் ஜட். மிஷனரி டாக்டராக வந்தவர். அரசுப் பத்திரங்கள் எதிரியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் ஒளித்து வைத்தார். எங்கே? மன்னர் குலத்தின் சமாதிக்குள்! ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். மேஜை எது? ராணி காஅஹுமனுவின் சவப்பெட்டி!

எழுதிய கடிதத்தை லண்டனுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். ஜேம்ஸ் மார்ஷல் என்ற இளம் வணிகர் கிடைத்தார். மன்னரின் கையெழுத்து? மன்னர் வேறு தீவில் இருக்கிறார். ரகசியமாக ஆள் போனது. மன்னர் ராத்திரியோடு ராத்திரியாகக் கடல் கடந்து வைக்கீக்கி கரையில் இறங்கினார். படித்தார். கையெழுத்துப் போட்டார். விடிவதற்குள் திரும்பிவிட்டார்!

சரி, கப்பல்? பாலெட் தன் தரப்பைச் சொல்ல ஒரு தூதரை அனுப்புகிறார். அவருக்கு ஒரு கப்பல் தேவை. அந்தக் கப்பலின் வாடகை உரிமை ஹொனலுலுவில் இருந்த ஓர் அமெரிக்க வணிக நிறுவனத்திடம் இருந்தது. "கப்பலைத் தருகிறோம். எங்கள் வியாபார ஆளும் அதில் வருவார்" என்று நிபந்தனை போட்டார்கள். பாலெட் ஒத்துக்கொண்டார். அந்த வியாபார ஆள்தான் மார்ஷல்! எதிரியின் தூதரும் மன்னரின் ரகசியத் தூதரும் ஒரே கப்பலில், பக்கத்தில் பக்கத்தில்! எதிரிக்குத் துளிக்கூடத் தெரியாது! அந்தக் கப்பல் யாருடையது தெரியுமா? மன்னருடையது! பாலெட் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்!

மார்ஷல் லண்டனில் வழக்காடிக்கொண்டிருக்கும்போதே பாலெட்டின் மேலதிகாரி அட்மிரல் ரிச்சர்ட் தாமஸ் நேரில் வந்து ஜூலை 31-இல் ஹவாய்க் கொடியை மறுபடி ஏற்றினார். ராஜ்ஜியம் தொலைந்தது 5 மாதம். கிடைத்தது ஒரே நாளில்! கொடி ஏறிய இடம் இன்றும் ஹொனலுலுவில் தாமஸ் சதுக்கம் என்ற பூங்காவாக இருக்கிறது. போனால் பார்த்துவிட்டு வாருங்கள்!

அதற்கும் முந்தைய ஆண்டே, 1842-இல், மன்னர் வேறு தூதர்களை அனுப்பியிருந்தார். திமொத்தேயோ ஹாஅலிலியோ, வில்லியம் ரிச்சர்ட்ஸ், ஜார்ஜ் சிம்ப்சன். அவர்கள் உழைப்புக்குப் பலன் 1843 நவம்பர் 28. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து "ஹவாய் சுதந்திர நாடு" என்று கையெழுத்துப் போட்டன. உலகத்தையே பங்கு போட்டுக்கொண்டிருந்த இரண்டு வல்லரசுகள், ஒரே தாளில்!

ஹாஅலிலியோ அந்தச் செய்தியோடு ஊர் திரும்பவில்லை. 1844 டிசம்பரில் வரும் வழியில் கப்பலிலேயே இறந்தார். மண்ணைத் தொட்டது அவர் உடல்தான். இதை எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது!

கையெழுத்துப் போட்ட அதே பிரெஞ்சுக்காரர்கள் பிறகு எதற்குச் சண்டைக்கு வந்தார்கள் தெரியுமா? பிராந்திக்கு! ஹவாய் அரசு ஒரு காலன் பிராந்திக்கு 5 டாலர் வரி போட்டிருந்தது. பிரெஞ்சு கான்சல் டிலன் 10 கோரிக்கைகளை நீட்டினார். அதில் ஒன்று, இந்த வரியைப் பாதியாகக் குறை! 1849 ஆகஸ்டில் அட்மிரல் த ட்ரொமெலின் படையோடு இறங்கினார். கோட்டையில் இருந்த பீரங்கிகளைப் பாழாக்கினார்கள். வெடிமருந்தைக் கடலில் கொட்டினார்கள். மன்னர் எதிர்க்கவில்லை. சேதம் சுமார் 1 லட்சம் டாலர்!

போகும்போது சும்மா போகவில்லை. மன்னரின் உல்லாசப் படகையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவே இல்லை!

1851. புதிய பிரெஞ்சு ஆணையர் எமில் பெரன். பெட்டியைத் திறந்தால் அதே 10 கோரிக்கைகள்! இந்த முறை மன்னர் ஒரு காரியம் செய்தார். நாட்டை அமெரிக்காவின் பாதுகாப்பில் விடுவதாக ஒரு பத்திரம் எழுதி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து அமெரிக்க ஆணையர் லூதர் செவரன்ஸ் கையில் கொடுத்தார். உறையின் மேல் குறிப்பு: ஹவாய்க் கொடிக்கு மேலே அமெரிக்கக் கொடி ஏறினால் மட்டும் பிரிக்கவும்! ஒரு ராஜ்ஜியம் முழுவதும் ஓர் உறைக்குள்! அதைப் பிரிக்க வேண்டிய நாள் வரவில்லை!

ஜட் 1849-இல் பிரான்சுக்குத் தூது போனபோது இரண்டு இளவரசர்களையும் உடன் அழைத்துப் போனார். திரும்பும் வழியில் ஓர் அமெரிக்க ரயில். உட்கார்ந்திருந்த இளவரசர் அலெக்சாண்டரை, நிறத்தைப் பார்த்து வேலைக்காரன் என்று நினைத்த கண்டக்டர், பெட்டியை விட்டு இறங்கு என்றார். இளவரசருக்கு வயது 16. நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மறக்கவே இல்லை! நாலே ஆண்டில் அவர்தான் நான்காம் கமேஹமேஹா! அமெரிக்காவோடு இணைப்புப் பேச்சை நிறுத்தியவர் அவர்தான்! கிரெக்கின் ஒப்பந்தம் குப்பைக்குப் போனதே, அது இவர் கையால்!

அவர் பாசம் பிரிட்டன் பக்கம் போனது. மகனுக்கு ஆல்பர்ட் என்று பெயர். ஞானத்தாய் யார்? விக்டோரியா மகாராணி! 1862 ஆகஸ்ட் 23-இல் ஞானஸ்நானம். பிரிட்டிஷ் ஆணையர் சிங்கின் மனைவி மகாராணிக்குப் பதிலாக நின்றார். மகாராணி அனுப்பிய வெள்ளிக் கிண்ணமும் வந்திருந்தது. நாலே நாள். ஆகஸ்ட் 27-இல் குழந்தை இறந்துவிட்டது. வயது 4.

மார்க் ட்வைனுக்கு ஒரு பெரிய செய்தி கிடைத்ததே ஒரு தூதரால்தான், தெரியுமா?

1866 ஜூன். ஹார்னட் என்ற கப்பல் நடுக்கடலில் எரிந்துபோக, 15 பேர் ஒரு திறந்த படகில் ஹவாய்க் கரை சேர்ந்தார்கள். படகில் இருந்த சாப்பாடு 10 நாளைக்கு. அவர்கள் கடலில் இருந்தது 43 நாள்! அப்போது ஹொனலுலுவில் ஒரு செய்தியாளர் எழுந்து நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தார். குதிரைச் சவாரியில் வந்த புண்! சீனாவுக்குப் போகும் வழியில் அங்கே தங்கியிருந்த அமெரிக்கத் தூதர் ஆன்சன் பர்லிங்கேம் என்ன செய்தார்? செய்தியாளரை ஒரு ஸ்ட்ரெச்சரில் தூக்கிவரச் செய்து, தப்பியவர்கள் இருந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்தார். கேள்விகளைத் தூதரே கேட்டார். படுத்தபடி குறிப்பெடுத்தார் செய்தியாளர். ராத்திரி முழுவதும் எழுதி, மறுநாள் கிளம்பிய கப்பலில் அனுப்பினார். முதல் பக்கச் செய்தி! அந்தச் செய்தியாளர்தான் மார்க் ட்வைன்!

பத்திரிகைக்காரர்களுக்கும் இந்தப் பதவிக்கும் என்ன பொருத்தமோ! 1861-இல் அமெரிக்க ஆணையராக வந்த தாமஸ் டிரையர், ஓரிகோனியன் பத்திரிகையைத் தொடங்கியவர். 1882-இல் தூதராக வந்த ரோலின் டாகெட், மார்க் ட்வைன் வேலை பார்த்த நெவாடா பத்திரிகையின் ஆசிரியர். மன்னர் கலாகௌவா எழுதிய ஹவாய்ப் புராணக் கதைகள் 1888-இல் புத்தகமாக வந்தபோது, அதைத் தொகுத்தவர் இதே டாகெட்! மன்னர் ஆசிரியர், தூதர் தொகுப்பாசிரியர்!

பிரிட்டிஷ் ஆணையர் ஜேம்ஸ் வுட்ஹவுஸ் வந்தது 1866. போனது 1894. நான்கு அரசர் ராணிகளைப் பார்த்துவிட்டார். 28 ஆண்டு, ஒரே ஊர்! மகன் பெண் எடுத்தது இளவரசி கையுலானியின் வீட்டில்!

கலாகௌவாவே ஒரு மகா தூதர்! 1874-இல் அமெரிக்கா போனார். அங்கே கால் வைத்த முதல் அரியணை மன்னர் அவர்தான். மறு ஆண்டு ஒப்பந்தம்: ஹவாய்ச் சர்க்கரைக்கு அமெரிக்காவில் வரி கிடையாது! 15 ஆண்டில் சர்க்கரை ஏற்றுமதி சுமார் பத்து மடங்கு ஏறியது! அதே ஒப்பந்தத்தை 1887-இல் புதுப்பித்தபோது அமெரிக்கா கேட்டு வாங்கியது ஒரு துறைமுகம். பெயர் பேர்ல் ஹார்பர்!

1881-இல் உலகத்தைச் சுற்றினார். பூமியை முழுவதுமாகச் சுற்றிவந்த முதல் மன்னர்! நம் கல்கத்தாவுக்கும் வந்தார். அங்கிருந்து ரயில் ஏறிப் பம்பாய் போனார்! ஜப்பானில் பேரரசர் மெய்ஜியிடம் ரகசியமாக ஒரு சம்பந்தம் பேசினார். தன் மருமகள் கையுலானியை ஜப்பானிய இளவரசருக்குக் கொடுக்க! பெண்ணுக்கு வயது 5!

சம்பந்தம் கைகூடவில்லை. வேறொன்று கைகூடியது. ஜப்பானில் ஹவாயின் தூதராக இருந்த ராபர்ட் இர்வின் ஏற்பாட்டில் 1885 முதல் 1894 வரை தோட்ட வேலைக்கு வந்த ஜப்பானியர்கள் சுமார் 29,000 பேர்! இன்றைய ஹவாயின் முகமே அதில்தான் மாறியது!

ரஷ்யப் பேரரசரின் முடிசூட்டு விழாவுக்கு 1883-இல் ஹவாய் அனுப்பிய தூதர் கர்ட்டிஸ் இயாவுகேயாவுக்கு வயது 27! மாஸ்கோவோடு நிற்கவில்லை. ஐரோப்பாவின் தலைநகரங்களை எல்லாம் பார்த்துவிட்டு இந்தியா, ஜப்பான் என்று வந்து ஊர் சேர்ந்தார்!

விக்டோரியாவின் பொன்விழா, 1887. ராணி கபியோலானி உடுத்திப் போன கவுனில் தைத்திருந்தது என்ன? மயில் இறகு!

அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் சமோவா தீவுகளோடு சேர்ந்து ஒரு பசிபிக் கூட்டாட்சி அமைக்க ஜான் புஷ் என்ற தூதரைக் கலாகௌவா அனுப்பினார். ஒப்பந்தமும் கையெழுத்தானது. பின்னாலேயே போன கடற்படைக் கப்பலின் எடை 170 டன். ஹவாய்க் கடற்படையில் எத்தனை கப்பல்? அது ஒன்றுதான்! மாலுமிகளில் சிலர் சீர்திருத்தப் பள்ளிப் பையன்கள்! பிஸ்மார்க்கின் ஜெர்மனி கொதித்துப்போனது. கூட்டாட்சி கலைந்தது!

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1874-இல் மன்னரைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் கலவரம் வந்தபோது அமெரிக்க, பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து வீரர்கள் இறங்கினார்கள். அமெரிக்கர்கள் மட்டும் 150 பேர். கலாகௌவாவின் அரியணை காப்பாற்றப்பட்டது. 1893 ஜனவரி 16-இல் மறுபடி அமெரிக்க வீரர்கள் இறங்கினார்கள். 162 பேர். இந்த முறை கலாகௌவாவுக்குப் பின் வந்த ராணியின் அரியணையே போனது!

இறக்கியவர் அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸ். மறுநாள் ராணியை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்கள் புதிய அரசு என்று அறிவித்தார்கள். சில மணி நேரத்தில் அங்கீகாரம் கொடுத்தார் ஸ்டீவன்ஸ்! தன் அரசுக்கு எழுதிய கடிதத்தில் ஹவாயைப் பறிக்கக் கனிந்த பழம் என்றே எழுதினார்! ஒரு தூதர் எழுதும் எழுத்தா அது?

ராணி லிலியுஒகலானியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். நாட்டைக் கிளர்ச்சிக்காரர்களிடம் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் பலத்துக்கு இணங்குகிறேன், உண்மை தெரிந்ததும் அமெரிக்காவே திருப்பித் தரட்டும் என்று எழுதிக் கொடுத்தார்! 50 ஆண்டுக்கு முன் மூன்றாம் கமேஹமேஹா பாலெட்டிடம் செய்த அதே காரியம்!

தந்திக் கம்பி கிடையாது. ஹொனலுலுவுக்குக் கடலடித் தந்தி வந்தது 1903-இல்தான். செய்தி போக ஒரே வழி கப்பல். ஜனவரி 19-இல் கிளாடின் கப்பலில் கிளர்ச்சிக்காரர்களின் தூதர்கள் கிளம்பினார்கள். ராணியின் தூதர்கள் இடம் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார்கள்! அவர்களுக்குக் கப்பல் கிடைத்தது பிப்ரவரி 2-இல். இரண்டு வாரம் பிந்திவிட்டது! பிப்ரவரி 14-இல் வாஷிங்டனில் இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது!

ஆனால் மார்ச் 4-இல் அதிபர் மாறினார். புதிய அதிபர் கிளீவ்லண்ட் ஐந்தே நாளில் ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றார்! விசாரிக்க ஜேம்ஸ் புளவுன்ட்டை அனுப்பினார். ராணி தன் வண்டியை அனுப்பினார். வேண்டாம் என்றார். எதிர்த்தரப்பு வீடு தருகிறோம் என்றது. வேண்டாம் என்றார். ஹோட்டலில் போய்த் தங்கினார். இவரல்லவா தூதர்! ஸ்டீவன்ஸ் ஏற்றி வைத்த அமெரிக்கக் கொடியை ஏப்ரல் 1-இல் இறக்கச் செய்தார். அது பறந்தது 59 நாள்!

அடுத்து வந்தவர் ஆல்பர்ட் வில்லிஸ். ஒரு கையில் புதிய அரசின் தலைவர் டோலுக்கு நற்சான்றுக் கடிதம். மறு கையில் ராணியை மறுபடி அரியணை ஏற்று என்ற உத்தரவு! டிசம்பர் 18-இல் ராணி எல்லாருக்கும் பொதுமன்னிப்பு என்று ஒத்துக்கொண்டார். 23-இல் டோல் பதில் கொடுத்தார்: எங்கள் உள்நாட்டு விஷயத்தில் தலையிட அமெரிக்காவுக்கு உரிமை இல்லை! அமெரிக்க வீரர்கள் இறங்கிய பலத்தில் வந்த அரசு சொன்ன பதில் இது!

1897-இல் ஹவாய் மக்களின் தூதர்கள் நாலு பேர் வாஷிங்டன் போனார்கள். கையில் 556 பக்க மனு. கையெழுத்து 21,269! அப்போது ஹவாய்ப் பூர்வகுடிகளே 40,000-க்குள்தான்! செனட்டில் இணைப்பு ஒப்பந்தம் தோற்றது. அதில் அந்த மனுவுக்குப் பெரிய பங்கு!

மறு ஆண்டு அமெரிக்கா ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தீர்மானம் போட்டு எடுத்துக்கொண்டது. 1898 ஆகஸ்ட் 12. இயோலானி அரண்மனை வாசலில் நாட்டை வாங்கிக்கொண்டவர் ஹரோல்ட் சூவல். ஹவாய்க்கு வந்த கடைசி அமெரிக்கத் தூதர். அன்றோடு அந்தப் பதவியே ஒழிந்தது!

1993 நவம்பர் 23-இல் அமெரிக்கா ஹவாய் மக்களிடம் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது. அதிபர் கிளின்டன் கையெழுத்து. சட்ட எண் 103-150. ராஜ்ஜியத்தைக் கவிழ்க்கச் சதி செய்தவர் என்று அதில் ஒரு தூதரின் பெயர் எழுதியிருக்கிறது. ஜான் ஸ்டீவன்ஸ்!